ஒரு நாள்தானே டீச்சர்

வருகைப் பதிவேட்டில் சிவப்புக் குறிகள் எந்த நாளில் கூடுகின்றன என்று பார்த்தாலே எங்கள் ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். அமாவாசைக்கு மறுநாள் என்றால், குடும்பத்தோடு மேல்மலையனூர் போய் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். பக்கத்து ஊரில் பாரதம் நடந்தால் இரவெல்லாம் கூத்து. துரியோதனன் படுகளம் அன்றைக்கு ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், வந்த பாதியும் பெஞ்சில் தலைவைத்துத் தூங்கும். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுக்கு அடுத்த திங்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்கள். தாய்மாமன் வீட்டுக் காதுகுத்து.

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இருபது ஆண்டுக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட மட்டமானது என்று என்னால் சொல்ல முடியாது. கூத்து பார்க்காமல் புரிசைப் பக்கம் ஒரு பிள்ளை வளர்ந்தால் அதுதான் நஷ்டம். காதுகுத்துக்குப் போகாத தங்கை மகளை எந்த மாமன் மன்னிப்பான்? பிள்ளையை நிறுத்தும் முடிவு வீட்டில் எடுக்கப்படுகிறது, அன்றன்றைக்கு, அன்றைய நியாயத்தோடு. மறுநாள் வாசலில் நிறுத்திக் கேட்டால் அம்மா சொல்வது ஒரே வாக்கியம்: “ஒரு நாள்தானே டீச்சர்.”

அந்த வாக்கியத்தோடுதான் எனக்கு இத்தனை ஆண்டு வழக்கு.

கணக்கு மிக எளிது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாளாவது பள்ளி நடக்க வேண்டும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள். வாரத்துக்கு ஒரு நாள் தவறும் பிள்ளை ஆண்டுக்கு 40 நாள் தவறுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தை முடிக்கும்போது 200 நாள். ஐந்தாண்டு படித்ததாக நாம் சான்றிதழ் கொடுக்கிற பிள்ளை நான்காண்டுதான் படித்திருக்கிறது. “உங்க பொண்ண ஒரு வருஷம் வீட்டுல வெச்சிக்கிறீங்களா?” என்று கேட்டால் எந்த அம்மாவும் சண்டைக்கு வருவார். ஆனால் அதைத்தான் தவணை முறையில் செய்திருக்கிறார், தெரியாமல். ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியும். மொத்தம் தெரியாது. மொத்தம் எங்கள் பீரோவுக்குள் இருக்கிறது.

பள்ளிக்கே சிலசமயம் தெரிவதில்லை. முப்பது பேர் வகுப்பில் 28 பேர் 97 விழுக்காடு வந்து, இரண்டு பேர் பாதி நாள்தான் வந்திருந்தாலும் வகுப்புச் சராசரி 94-ஐ ஒட்டி நிற்கும். மேலே அனுப்பும் அறிக்கையில் அது நல்ல எண். அந்த இரண்டு பேர் அதற்குள் சத்தமில்லாமல் மூழ்கிப்போவார்கள். அதனால் நான் சராசரியைப் பார்ப்பதை விட்டுப் பல காலமாகிறது. மாதக் கடைசியில் பெயர் பெயராகக் கீழே இறங்கி, மாதம் இரண்டு நாளுக்கு மேல் தவறியவர் யார் என்று பார்க்கிறேன். அமெரிக்காவில் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே அபாயக் குறி வைக்கிறார்கள். நம் 200 நாளுக்கு அது 20 நாள், மாதத்துக்கு இரண்டு. இரண்டு நாள் என்பது நம் ஊரில் கேட்கவே கூசுகிற அளவுக்குச் சின்ன எண். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

அதே அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில், டாட் ராஜர்ஸ், ஆவி ஃபெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 28,000 வீடுகளை எடுத்துக்கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. படித்தபோது எங்கள் தெருவைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. அடிக்கடி வராத பிள்ளைகளின் பெற்றோரிடம், உங்கள் பிள்ளை எத்தனை நாள் தவறியிருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மையில் பாதிதான். பிறகு, இதுவரை இத்தனை நாள் என்று மொத்தத்தை அச்சிட்டு ஆண்டில் சில தடவை வீட்டுக்குத் தபால் போட்டார்கள். மிரட்டல் இல்லை, வருகை முக்கியம் என்ற சிறு நினைவூட்டலும் அந்த எண்ணும்தான். அதிகமாகத் தவறும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு காகிதத்துக்கு அது பெரிய காரியம்.

எங்கள் ஊரில் தபால் போட்டுப் பயனில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்ல வேண்டியவன் யாரைப் பற்றிக் கடிதம் வந்ததோ அவனே. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் காலண்டர் உண்டு. ஆரணி ஜவுளிக்கடை, வந்தவாசி நகைக்கடை, உர டிப்போ, ஏதாவது ஒன்று. மாதத்துக்கு ஒரு தாள் இருக்கிற காலண்டராகப் பார்த்து, பள்ளி இருந்தும் போகாத நாளைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடு என்று பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டோம். பென்சில் பள்ளியினுடையது, கை பிள்ளையினுடையது, சுவர் அம்மாவுடையது. மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழிக்காமல் கொண்டுவந்து காட்ட வேண்டும். பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்போம். சில பேர் ஒன்றிரண்டு வட்டத்தை விழுங்கிவிடுவார்கள். சரி, அதற்காவது தேதி பார்க்கத் தெரிந்ததே என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, ஆவணி மாதத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இன்னா டீச்சர், அம்ம போட்டா மாதிரி செவப்பு செவப்பா கீது!” அவருக்கு நான் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போன நாள் எது, மல்லாட்டை ஆய்ந்த நாள் எது என்று விரலை வைத்து அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நான்கு வட்டங்களுக்கு அவரிடம் காரணம் இல்லை. மகனைப் பார்த்தார். அவன் கொல்லைப்புறம் போய்விட்டான்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று ஏறிவிடும். 2023 ஜனவரியிலிருந்து அவர்களுக்கே வருகை செல்பேசிப் படத்தில்தான். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஒரு படம் தவறினால் கூலி என்னாகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். “உனுக்குப் போட்டோ, அவுனுக்கு வட்டம்” என்று ஒரு பெண் ஏரிக்கரையில் எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். பிள்ளையின் ஒரு நாளுக்கு யாரும் கூலி பிடிப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

பெற்றோர் பங்கேற்பு என்று துறையில் நாங்கள் பேசும்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு. அதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் வாங்கிக் கொடுத்தார்கள், நிலம் எழுதிவைத்தார்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவுக்குப் பல ஊர்களில் அரிசியும் காயும் மக்கள் கொடுத்ததுதான். அது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கிருந்து நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பீரோ கொடுத்தவர் அக்கறையுள்ளவர், மின்விசிறியில் பெயர் எழுதிக்கொண்டவர் பள்ளியின் நண்பர். அவர் மகன் மாதத்தில் பாதி நாள் டிராக்டரில் உட்கார்ந்திருந்தாலும் ஆண்டு விழாவில் அவருக்கு முன்வரிசை.

இப்போது பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி அதைப் புதிதாக அமைத்தார்கள். ஒரு பிள்ளையின் அம்மா தலைவி ஆனார். நான் அதை மனதார வரவேற்றவள். அதற்கு முன் குழு என்றால் ஊர்ப் பெரியவர் நாலு பேர், டீ, கையெழுத்து. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். வருகிறவருக்கு அரை நாள் கூலி போகும். வராத அம்மாவைப் பங்கேற்காதவர் என்று எழுதுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு என் வகுப்பிலேயே சாட்சி இருந்தது. ஒரு கூட்டத்துக்கும் வராத, நான் முகமே பார்த்திராத ஒரு அம்மாவின் மூன்று பிள்ளைகளும் மழை பெய்தாலும் எண்ணெய் வைத்துத் தலைசீவி முதல் மணிக்கு முன் நிற்பார்கள். கூட்டத்தில் மைக் பிடித்துப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று முழங்கிய அப்பாவின் பையன் அன்றைக்கு ஆடு மேய்க்கப் போயிருந்தான். சுற்றுச்சுவரும் வேண்டியதுதான்.

ஆக, பிள்ளையின் வருகையை ஆட்டிவைக்கிற பங்கேற்பு நடக்கும் இடம் கூட்ட அறை அல்ல. காலை ஆறு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான். யார் எழுப்புகிறார், சட்டை காய்ந்ததா, கைக்குழந்தையை யார் தூக்குவது, அப்பா நேற்று எந்த நிலையில் வந்தார். இதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போவதற்கு ஒரு முறை இருக்கிறது. பயிற்சி வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள். மூத்த ஆசிரியைகளைப் பார்த்துக் கற்றதும், கூடவே நடந்து தெரிந்ததும்தான்.

முதலாவது, குறை சொல்லப் போவது முதல் வருகையாக இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் நடுப்பகலில் ஒரு பைக் வந்து வாசலில் நின்றாலே பெண்கள் பின்கட்டு வழியாகப் போய்விடுவார்கள். குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் அப்படித்தான் வருவார், கையில் நோட்டோடு. நோட்டோடு போகிற ஆசிரியைக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும். அதனால் ஜூன் மாதத்தில், யாரும் இன்னும் ஒரு நாள்கூடத் தவறாதபோதே, ஒரு சுற்று போய்விடுவேன். பையில் பிள்ளை வரைந்த படம் ஒன்றிருக்கும். “உங்க பையன் கோழி வரைஞ்சிருக்கான் பாருங்க” என்று காட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவது. ஆகஸ்டில் நான் மறுபடி போகும்போது யாரும் பின்கட்டுக்குப் போகமாட்டார்கள்.

தண்ணீர் குடிப்பது என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமத்தில் அது சாதாரணமில்லை. டீச்சர் காலனியில் எந்த வீட்டில் உட்கார்ந்தார், டம்ளரை வாய்வைத்துக் குடித்தாரா, தூக்கிக் குடித்தாரா என்று அங்கே எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. மேலாண்மைக் குழு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகலாம் என்று நினைத்த ஆண்டு, ஊர்த்தெரு உறுப்பினர்கள் காலனி எல்லையில் வந்ததும் கால் வலிக்கிறது என்றார்கள். அவர்களுக்காகக் காத்திராமல் மீதிப் பேர் போனோம். இதைச் சுற்றறிக்கையில் எழுத முடியாது. இதை எழுதாமல் பெற்றோர் பங்கேற்பு பற்றிப் பேசவும் முடியாது.

நேரம் முக்கியம். பத்து மணிக்குப் போனால் பூட்டுதான். மாலை ஆறரைக்கு மேல், அடுப்பு பற்றவைத்த பிறகு போக வேண்டும். அல்லது வேலை நடக்கும் வயலுக்கே. மாமியார் முன்னால் விடுப்பைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அன்றிரவு திட்டு வாங்குவது பிள்ளை அல்ல, அம்மா. “ஏன் அனுப்பல?” என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குக் கிடைப்பது காய்ச்சல் என்ற பதில். நான் கேட்பது, “காத்தால எழுந்ததும் அவன் என்ன பண்ணுவான்?” அங்கிருந்து தானாக எல்லாம் வரும்.

அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டின் குறையே அல்ல. ஒரு பையன் செவ்வாயும் வியாழனும் மட்டும் வராமலிருந்தான். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னது, அன்றைக்குத்தான் கணக்கு முதல் பாடவேளை, கணக்கு சார் அடிக்கிறார். அடிப்பது சட்டப்படியே குற்றம். அதை வீட்டில் பேசித் தீர்க்க முடியாது, பணியாளர் அறையில்தான் பேச வேண்டியிருந்தது. பேசினோம், இனிமையாக இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மல்லாட்டைக் காலம் முழுக்க வராததற்குக் காரணம் பால்வாடி பூட்டியிருந்தது. அங்கே ஆயாம்மா பணியிடம் காலி. தம்பியை யார் பார்ப்பது? அந்த அம்மாவுக்குப் படிப்பின் அருமை பற்றி நான் பிரசங்கம் செய்திருந்தால் அவர் என் முகத்தில் சிரித்திருக்கலாம். பால்வாடிக்கு ஆள் வந்த வாரமே பெண் வகுப்பில் இருந்தாள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆறாம் வகுப்பிலேயே அம்மாக்களிடம் தனியாகப் பேசிவிடுவது என் வழக்கம். வயசுக்கு வந்து மஞ்சள் நீராட்டும் முடிந்தபின் போய் நின்றால், அதற்குள் வீட்டில் பெரியவர்கள் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். அம்மா கேட்பது கழிவறையில் தண்ணீர் வருமா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று. இதற்கு நேரான பதில் சொல்ல முடிந்தால்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இப்போது உதவிக்கு வருவது, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். நான் எடுத்துச் சொல்வதற்கு முன்பே ஆயாக்கள் அதைச் சொல்கிறார்கள். “எட்டாவது வரிக்கும் பெயிலாக்க மாட்டாங்களே, அப்புறம் இன்னாத்துக்கு டெய்லி போவணும்?” என்று அப்பாக்கள் கேட்கும் கேள்விக்கு ஆயாவின் அந்தப் பதில் என்னுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது.

காலை உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. நான் கவனித்தவரை, அது செய்தது பசியைப் போக்கியது மட்டுமல்ல. விடிந்ததும் வேலைக்கு ஓடும் அம்மாவின் கையிலிருந்து ஒரு வேலையை எடுத்துவிட்டது. பெற்றோரின் மனத்தை மாற்றுவது பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். சிலசமயம் அவர்களுடைய காலையில் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தால் போதும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் அந்தச் சாப்பாடு. எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு அக்கா, இரண்டாம் வகுப்புத் தம்பியைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுத் தூண் பக்கம் நிற்பாள். தம்பிக்காக அவளும் நேரத்துக்கு வந்துவிடுகிறாள். அவளுக்குத் தட்டு இல்லை என்பது எனக்குத் தினம் உறுத்துகிறது.

செல்பேசி வந்தபின் எல்லாம் எளிதாகிவிட்டது என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதானே? பதிவில் இருப்பது அப்பாவின் எண். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். செய்தியைப் பார்த்துவிட்டு இரவு அழைத்து மனைவியைக் கத்துகிறார். மறுநாள் அந்த அம்மா என்னிடம் வந்து, “எதுன்னாலும் என்கிட்ட சொல்லு டீச்சர், அவருகிட்ட போவாத” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு யாரிடம், எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன். அம்மாவின் பட்டன் போனுக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அழைப்பு. சிலருக்குப் பக்கத்து வீட்டு எண். ஒரு வீட்டுக்கு, டீக்கடை.

பல வீடுகளில் பெற்றோர் என்பதே ஆயாதான். அப்பாவும் அம்மாவும் வெளியூரில், பிள்ளை ஆயாவிடம். ஆயாவுக்குப் பேரன் சொல்வதுதான் செய்தி. “இன்னிக்கி லீவு ஆயா” என்றால் லீவு. ஆயாவுக்குக் காலண்டர் வட்டமும் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நாங்கள் செய்தது, மின்சார மணியோடு பழைய தண்டவாளத் துண்டையும் மறுபடி மாட்டி, காலையில் பலமாக அடிக்கத் தொடங்கியது. மணி கேட்டால் பள்ளி உண்டு, கேட்காவிட்டால் லீவு, வேறு எதையும் நம்பாதே என்று ஆயாக்களிடம் சொல்லிவைத்தோம். மேலத்தெருக் கடைசி வீடு வரை கேட்கும். காது கேட்காத ஆயா ஒருத்தர் உண்டு. அவர் பேரனை எழுப்பிவிடுவதை எதிர்வீட்டு ஆயா பார்த்துக்கொள்கிறார்.

இவை எதுவும் செல்லாத இடம் செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியின் லாரி வரும், ஆனியில்தான் திரும்புவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று, கணவன் மனைவி ஜோடிக்குச் சேர்த்து. அறுத்த கல்லைத் திருப்பிப்போடப் பிள்ளை இருந்தால் கல் கூடும். வேலை நள்ளிரவுக்கு மேல் தொடங்கும், எட்டு மணிக்குப் பெரியவர்கள் தூங்கப் போவார்கள். அந்தப் பெற்றோரிடம் போய்ப் பிள்ளையைக் காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அக்கறையில்லாத பெற்றோர் என்று இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முன்பணம் வாங்கிய கடன் இருக்கும்போது அக்கறை இருந்து என்ன செய்யும்? என்னால் ஆனது, தீபாவளிக்கு முன்பே, முன்பணம் முழுவதும் செலவாகுமுன், போய்ப் பேசுவது. பெரியவளை ஆயாவிடம் விடமுடியுமா, உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்கலாமா, சின்னவனைக் கூட்டித்தான் போவீர்களென்றால் எந்த ஊர்ச் சூளை, அங்கே பக்கத்துப் பள்ளி எது. மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. அது சூளை மேஸ்திரிக்கும் தெரியாது, பல தலைமை ஆசிரியர்களுக்கும் நினைவிருப்பதில்லை. அங்குள்ள தலைமை ஆசிரியரை நானே போனில் பிடித்து, கணினிப் பதிவில் பிள்ளையைப் பொதுத் தொகுப்பில் விட்டு அவரை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சிலர் எடுப்பார்கள். சிலர், நாலு மாதத்தில் போகிற பிள்ளையால் எங்கள் சராசரி கெடும் என்பார்கள். மறுபடியும் சராசரி.

இப்போது எங்கள் பக்கம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வந்தபின் பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். நல்ல விஷயம், மறுப்பில்லை. முதல் ஷிப்டு பஸ் இருட்டோடு வந்துவிடும். அம்மா போகும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. முன்பு வயலில் இருந்த அம்மாவை வரப்பில் நின்று கூப்பிட்டுவிடலாம், இவரைக் கூப்பிட முடியாது. நான் முகமே பார்க்காத மூன்று பிள்ளைகளின் அம்மா என்று முன்னே சொன்னேனே, அவர் இந்தப் பஸ்ஸில் போகிறவர்தான். அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பிள்ளைகளிடம் விசாரித்தபோது, அந்தத் தெருவில் பிள்ளையில்லாத ஒரு பெரிம்மா இருப்பது தெரிந்தது. கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் சேர்ந்து அவருக்கு மாதம் கொஞ்சம் பணம் கொடுக்கிறார்கள். நான்கு வீட்டுப் பிள்ளைகளை எழுப்பி, குளிக்கவைத்து, பெரியவளிடம் சின்னதின் கையைக் கொடுத்து அனுப்புவது அவர் வேலை. எந்தத் திட்டத்திலும் இல்லாத ஏற்பாடு.

இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தேன். பெற்றோரும் இல்லை, உறவும் இல்லை, எந்த வகையில் இவர் என்று ஒருவர் கேட்டார். சட்டத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று இருக்கிறது, காலையில் ஒன்றரை மணி நேரம் இவர்தான் பாதுகாவலர் என்றேன். உறுப்பினராகச் சேர்க்க முடியாது, சிறப்பு அழைப்பாளர் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். பெரிம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டார்: சனிக்கிழமை பள்ளி உண்டா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமையே தனக்குச் சொல்லியனுப்ப முடியுமா என்று. நான்கு பேருக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்ததாம்.